கால் இன்ச் தானே என்று 21 பிளாக்கைக் கோட்டை விட்ட கதை

குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, அதன் பக்கம் வருவதற்கு முன்பே எனக்குத் தையல் தெரியும். அதுதான் வினையாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் இருப்பவர்களுக்குச் சட்டை, பாவாடை, தலையணை உறை என்று தைத்துக் கொடுத்துப் பழகியவள் நான், நேர்த்தையல் போடுவதில் என்ன இருக்கிறது, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுவதுதானே என்று நினைத்தேன். உடை தைக்கும்போது தையலுக்கு விடும் ஓரம் ரொம்பத் தாராளமானது. அரை இன்ச் விடுவோம், பக்கவாட்டில் ஒரு இன்ச்கூட விடுவோம், உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. தையல் கொஞ்சம் உள்ளே போனாலும் வெளியே போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தெரியப்போவதில்லை. குயில்ட்டில் அந்த ஓரம் வெறும் கால் இன்ச். அதிலும் வீசம் தப்பினால் கணக்கு கேட்கும். வீசம் என்றால் பழைய கணக்கில் பதினாறில் ஒரு பங்கு, அந்தச் சொல்லுக்கு என் வாழ்க்கையில் ஒரு வேலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் எடுத்துக்கொண்ட வடிவம் ரொம்பச் சாதாரணம். 12 இன்ச் பிளாக், அதாவது போர்வையின் ஒரு சதுரப் பகுதி, மொத்தம் 42, அகலத்தில் 6, நீளத்தில் 7. முடித்தால் 72க்கு 84 இன்ச், கட்டிலின் இரண்டு பக்கமும் அழகாகத் தொங்கும். அதில் பாதி, அதாவது 21 பிளாக், சின்னச் சதுரங்களை இணைத்துத் தைப்பது, மீதி 21 ஒட்டே இல்லாத முழுத்துணி. ஒன்று விட்டு ஒன்றாக வரும். இணைக்கும் பிளாக் ஒவ்வொன்றிலும் 6 வரிசை, வரிசைக்கு 6 சதுரம், ஒவ்வொன்றும் 2.5 இன்ச் வெட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 6 சதுரத்துக்கு 15 இன்ச், நடுவில் 5 தையல், ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கமும் கால் கால் சேர்த்து அரை இன்ச் தின்னும், மீதி 12.5. சுற்றிலும் ஓரத்துக்கு விட்டது போக 12. முழுத்துணிச் சதுரத்தையும் 12.5 என்றே வெட்டி வைத்துவிட்டேன். அத்தனையையும், 21 பிளாக்கையும் தைத்து முடிக்கும் முன்பே. இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போது தெரியவில்லை.

முதல் மூன்று பிளாக்கை ரொம்பப் பயபக்தியோடு தைத்தேன். ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கமும் ஸ்கேல் வைத்துக் கால் இன்ச்சில் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஊசி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து. ஒரு பிளாக்குக்கு இரண்டு மாலை ஆனது. நாலாவது பிளாக்கில் பொறுமை போய்விட்டது. மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைப் பார்த்தேன், அதன் வலது விளிம்பு கால் இன்ச் போலத்தான் தெரிந்தது. (கால் இன்ச் கால் என்று சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லை.) துணியின் விளிம்பை ஃபுட்டின் விளிம்போடு ஒட்டி ஓட்ட ஆரம்பித்தேன். சொர்க்கம் மாதிரி இருந்தது. நூலை அறுக்காமல் ஒன்றன் பின் ஒன்றாகச் சதுர ஜோடிகளைச் செருகிக்கொண்டே போனால் தோரணம் மாதிரி பின்னால் தொங்கும், ஒரு மாலைக்கு ஒரு பிளாக் சர்வசாதாரணமாக முடிந்தது. மூன்று மாலைக்கு ஒரு தடவை அம்மா வந்து எட்டிப் பார்த்து "அழகா இருக்குடி" என்பாள். ஏழு வாரம் இப்படியே ஓடியது. அந்த ஏழு வாரத்தில் தைத்து முடித்த ஒரு பிளாக்கின் மேல்கூட ஸ்கேலை வைக்கவில்லை. வெட்டும்போது அளந்தாயிற்று, அப்புறம் எதற்கு இன்னொரு தரம் என்கிற எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் எல்லாவற்றையும் பரப்பி, முதல் வரிசையின் முதல் இரண்டு துண்டை, ஒரு ஒட்டுப் பிளாக், ஒரு முழுத்துணிச் சதுரம், மேல்முனைகளைச் சேர்த்துப் பின் குத்திக் கீழே வந்தேன். கீழே முழுத்துணி நீட்டிக்கொண்டு நின்றது. முக்கால் இன்ச்சுக்கும் மேல். தலைகீழாக வைத்துவிட்டேனோ என்று திருப்பினேன். பக்கவாட்டில் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் அதே முக்கால் இன்ச் நாக்கை நீட்டுகிறது. அப்போதுதான் ஸ்கேலை எடுத்தேன். 11 இன்ச் 5/8. அடுத்ததை எடுத்தேன், 11 முக்கால். இன்னொன்று 11 இன்ச் 7/8. பென்சில் கோடு போட்டுத் தைத்த முதல் மூன்றும் பன்னிரண்டேகால். 21 பிளாக்குக்கும் ஒரு துண்டுச் சீட்டில் அளவு எழுதிப் பின் குத்தி வைத்தேன், என்னவோ ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் கட்டுகிற சீட்டு மாதிரி. ஒன்றுகூட 12.5 இல்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு "உனக்குத் தைக்கத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள். சும்மா சொன்னதுதான். ஆனால் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தப்பு எப்படிப் பெருகுகிறது என்பது. ஒரு தையல் வீசம் அளவு கூடுதலாக உள்ளே போனால் இழப்பு வீசம் இல்லை, இரண்டு துணியும் வீசம் வீசம் இழக்கும், அதாவது ஒரு தையலுக்கு அரைக்கால் இன்ச், 1/8. ஒரு பிளாக்கின் குறுக்கே 5 தையல், 5/8 இன்ச் காலி. முழுத்துணியில் தையலே இல்லை, அதனால் அது குறையவே குறையாது. ஒட்டுத் துண்டுகளை மட்டும் வைத்துத் தைத்திருந்தால் எல்லாமே சேர்ந்து சுருங்கியிருக்கும், எனக்குத் தெரியாமலேயே கொஞ்சம் சின்னப் போர்வை ஒன்று கிடைத்திருக்கும். இது மனசில் இருக்கட்டும்: உங்கள் வடிவத்தில் நிறையத் தையல் உள்ள பிளாக்கும் தையலே இல்லாத பிளாக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருமானால், தையல் பிளாக் ஒன்றை முழுசாக முடித்து அளந்த பிறகுதான் மற்றதை வெட்ட வேண்டும்.

இரண்டாவது விஷயம், எல்லாம் ஒரே அளவில் தப்பாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். 21ம் 11 முக்காலாக இருந்திருந்தால் முழுத்துணியை 11 முக்காலுக்கு வெட்டிவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்திருப்பேன். என்னைக் கொன்றது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக இருந்தது. அதனால் பாதி வழியில் தைக்கும் முறையை மாற்றாதீர்கள், நான் பென்சில் கோட்டிலிருந்து ஃபுட் விளிம்புக்கு மாறினேனே, அந்த மாதிரி. மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிறுத்தி, பழைய முறையில் தைத்த ஒன்றையும் புது முறையில் தைத்த ஒன்றையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிளாக்கில் வரிசைக்குள் 30 சின்னத் தையல், வரிசைகளைச் சேர்க்கும் 5 நீளத் தையல், ஆக 35. நான்கு பிளாக் பிரித்தேன், 140 தையல், ஒன்பது நாள். முதல் பிளாக்கில் தையலைப் பிரித்துக் கையால் இரண்டு பக்கமும் இழுத்துக் கிழிக்கிற மாதிரி பிரித்தேன், சதுரங்கள் எல்லாம் இழுபட்டு ஓரத்தில் இழை உதிர்ந்து சாய்சதுரமாகிவிட்டன. மறுபடி தைக்க லாயக்கில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன், ஒரு பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாகப் பிரிப்பானால், தையல் பிரிக்கிற அந்தச் சின்னக் கருவியால், அறுத்துக்கொண்டே போய், அப்புறம் மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் பாம்பு மாதிரி முழுசாக வந்துவிடும், துணிக்கு ஒன்றும் ஆகாது. நாலாவது பிளாக்கைப் பிரித்து முடித்தபோது பெருவிரல் நகத்துக்குப் பக்கத்தில் தோல் உரிந்திருந்தது. போதும் என்று தோன்றியது. மீதி 17ஐயும் பிரிக்காமல் விட்டேன்.

பிரித்ததைத் திரும்பத் தைக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. ஒரு காரணம் என்று நினைத்துத்தான் தேடினேன், நாலைந்து கிடைத்தன. முதலாவது எதிர்பார்த்ததுதான். குயில்ட் ரூலரை ஃபுட்டுக்குக் கீழே வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மெதுவாக இறக்கி, ஊசி முனையிலிருந்து ஃபுட்டின் வலது விளிம்பு வரை பார்த்தேன். 5/16 இன்ச். காலே வீசம். ஏழு வாரமும் அந்த வீசம்தான் தின்றிருக்கிறது. எல்லா மெஷினிலும் இது ஒரே மாதிரி இருக்காது, உங்களுடையது இன்னும் அகலமாக இருக்கலாம். கண்ணால் பார்த்துக் கால் இன்ச் என்று நம்பாதீர்கள். ஊசித் தட்டில் பொறித்த கோடுகளும் எனக்கு உதவவில்லை, உடை தைப்பவர்களுக்கான 3/8, 5/8 எல்லாம் இருந்தன, கால் இன்ச் மட்டும் இல்லை.

உடனே காசைச் செலவழித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. குயில்ட்டுக்கென்றே விற்கிற கால் இன்ச் ஃபுட் ஒன்று வாங்கினேன், வலது பக்கம் சின்னத் தகடு நின்றிருக்கும், துணி அதைத் தாண்டிப் போகாது. மாட்டித் தைத்தேன். ஒரு பிளாக்கை முழுசாகத் தைத்து அளந்தேன். பன்னிரண்டே காலுக்குக் கொஞ்சம் கம்மி. தலையே சுற்றியது. பென்சில் கோடு போட்ட அந்த முதல் மூன்று பிளாக்கும் ஏறக்குறைய இதே அளவுதானே? கோட்டின் மேலேயேதானே தைத்தேன்?

இந்த இடத்தில்தான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன். விடை இஸ்திரி மேசையில் இருந்தது. இரண்டு துணியைச் சேர்த்துக் கால் இன்ச்சில் தைத்துவிட்டுப் பிரித்து விரித்தால், துணி அந்தத் தையல் நூலின் மேலே ஏறி மடங்கிக் கீழே இறங்க வேண்டும். அந்த மடிப்புக்கும் கொஞ்சம் துணி செலவாகிறது. ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு நூலிழை, இரண்டு நூலிழை அகலம். ஆனால் அது ஒவ்வொரு தையலிலும், இரண்டு பக்கமும். அதனால் குயில்ட்டில் சரியான கால் இன்ச் என்பது தப்பான கால் இன்ச்! கால் இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவாகத் தைத்தால்தான் விரித்து அழுத்திய பிறகு கணக்கு சரியாக வரும். இங்கே நூல் என்று சொல்வது தச்சர் சொல்கிற அரைக்கால் இன்ச் நூல் இல்லை, ஊசியில் கோத்திருக்கிற அந்த நூல்தான். என் மண்டையில் இது ஏறுவதற்கு இவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம், நான் தையலுக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடத்தையே அளந்துகொண்டிருந்தேன். அளக்க வேண்டியது அதை இல்லை. விரித்து, அழுத்தி, முன்பக்கம் திருப்பி, தெரிகிற துணியை.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, குயில்ட் தைப்பவர்கள் பலரும் செய்வது, எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஏழு வாரம் மிச்சம். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள், நீளம் ஆறு இன்ச் போதும். கவனமாக வெட்ட வேண்டும், வெட்டில் தப்பு இருந்தால் சோதனையே பொய் சொல்லும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டைதான் முக்கியம், ஏனென்றால் அதற்குத்தான் இரண்டு பக்கமும் தையல், தப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். எனக்குப் புது ஃபுட்டில் 15/16 வந்தது, மொத்தம் மூன்றே முக்காலே அரைக்கால், இல்லை இல்லை, மூன்றே காலே அரைக்கால், 3 இன்ச் 3/8. (அளந்து அளந்து எனக்கு இப்படித்தான் நாக்கு குழறும்.) நடுப்பட்டை குறைந்தால் தையல் அதிகம் உள்ளே போகிறது என்று அர்த்தம், தடுப்பை ஊசிக்குக் கிட்டே நகர்த்த வேண்டும். கூடினால் தள்ளி வைக்க வேண்டும். ஒரே தடவையில் வராது, எனக்கு ஐந்து தடவை ஆனது, துண்டுத் துணியில் செய்வதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நகர்த்துவது எப்படி என்பதில் இன்னொரு அடி வாங்கினேன். என் மெஷினில் ஊசியையே இடம் வலம் நகர்த்தலாம். வலப்பக்கம் ஒரு துளி தள்ளினால் தையல் விளிம்புக்குக் கிட்டே வரும், வேலை முடிந்தது என்று பொத்தானை அழுத்திவிட்டு மிதித்தேன். டக். ஊசி முனை கன்னத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பறந்தது. புது ஃபுட்டில் ஊசி இறங்குவதற்கு நடுவில் ஒரே ஒரு சின்ன ஓட்டைதான், ஊசி நகர்ந்தால் நேராக உலோகத்தில் இறங்கும். ஒற்றை ஓட்டை உள்ள ஊசித் தட்டு போட்டிருந்தாலும் இதே கதைதான். ஃபுட், தட்டு, ஊசி இருக்கும் இடம், இதில் எதை மாற்றினாலும் முதலில் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை, அதிர்ஷ்டம்.

கடைசியில் காசு கொடுத்து வாங்கிய ஃபுட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சிலருடைய மெஷினில் அதே மாதிரி ஃபுட் அப்படியே கச்சிதமாக உட்காருகிறது, அவர்களுக்கு வாழ்த்துகள். எனக்குக் கைகொடுத்தது ஒட்டுச் சீட்டு. மேசையில் குறிப்பெழுதி ஒட்டுவோமே, அந்தச் சீட்டுக்கட்டிலிருந்து ஏழெட்டைச் சேர்த்தே உரித்து, நேரான விளிம்பு இருக்கும்படி வெட்டி, மெஷின் தட்டின் மேல் சுவர் மாதிரி ஒட்டிவிட்டேன். ஒட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க, பழைய ஃபுட்டுக்குக் கீழே ரூலரை அதன் விளிம்பு வலப்பக்கம் இருக்கும்படி வைத்து, கால் இன்ச் கோட்டின் மேலே ஊசி முனை இறங்காமல் கோட்டுக்குச் சற்றே வலப்பக்கம், விளிம்பின் பக்கமாக, இறங்கும்படி பிடித்துக்கொண்டு ஃபுட்டை இறக்கி, ரூலர் விளிம்பை ஒட்டி அந்தக் கட்டை ஒட்டுவது. துணியை நகர்த்துகிற பல்லின் மேல் ஒட்டிவிடக் கூடாது. என் மெஷினில் கீழ்நூல் சுற்றிய பாபினின் மூடி சரியாக அந்தச் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, பாபின் தீரும்போதெல்லாம் உரித்து எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் மூன்று பட்டைச் சோதனை. எரிச்சல்தான். ஆனால் அதனாலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தைக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நான் தலைகீழாகத்தான் பழகியிருந்தேன். ஊசியைப் பார்ப்பேன். ஊசி மேலும் கீழும் போவதைப் பார்த்து ஒரு பயனும் இல்லை, அது எப்படியும் அங்கேதான் போகும். பார்க்க வேண்டியது ஊசிக்கு ஒரு இன்ச் முன்னால், துணியின் விளிம்பு அந்தச் சீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு வருகிறதா என்று. தொட்டால் போதும், முட்டக் கூடாது, முட்டினால் விளிம்பு மடங்கி அலையும். இன்னொன்று, என் தப்பில் பாதி கடைசி அரை இன்ச்சில் இருந்தது. பிரித்த தையல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் நேராக வந்து கடைசியில் மட்டும் ஒரு பக்கமாக வாலைத் திருப்பியிருந்தது. கால் இன்ச் துணிதான் ஊசிக்கு வலப்பக்கம் இருக்கிறது, பல்லுக்குப் பிடிக்கக் கிடைப்பது அவ்வளவுதான், கையை எடுத்ததும் துணி நழுவுகிறது. இப்போது ஒரு குத்தூசியை வைத்துக் கடைசி வரை துணியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறேன், வேகத்தைக் குறைத்து. ஆரம்பத்தில் துணி முனை தட்டின் ஓட்டைக்குள் போய் மாட்டாமல் இருக்க, முதலில் ஒரு கழிவுத் துண்டைத் தைத்துவிட்டு அதிலிருந்து அறுக்காமல் நல்ல துணிக்குப் போவது.

வெட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரூலரில் இருக்கிற கோட்டுக்கும் ஒரு தடிமன் இருக்கிறது. துணி விளிம்பு கோட்டுக்கு உள்ளேயா, கோட்டுக்குக் கீழேயா, வெளியேயா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, மனம் போன போக்கில் வைப்பேன். ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசி வரை அதையே செய்யுங்கள், நான் கோட்டின் தடிமன் முழுக்கத் துணியின் மேல் இருக்கும்படி வைக்கிறேன். சில சதுரங்களை ரூலரால் அளந்தும், சிலவற்றை வெட்டுப் பாயில் உள்ள கட்டங்களைப் பார்த்தும் வெட்டியிருந்தேன், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு வேலைக்கு ஒரே ரூலர், அவ்வளவுதான். நூலும் அப்படியே. நடுவில் தீர்ந்துபோய்க் கையில் இருந்த தடித்த நூலைப் போட்டேன், அந்தப் பிளாக் மட்டும் தனியாகச் சிறுத்திருந்தது. மெல்லிய பருத்தி நூலில் 50 என்று எண் போட்டது 40ஐ விட மெலிசு, எண் கூடக் கூட நூல் மெலியும். மெலிய மெலிய மடிப்புக்குப் போகும் துணியும் குறையும்.

இஸ்திரி விஷயத்தில் சட்டை தேய்க்கிற பழக்கத்தை விட வேண்டியிருந்தது. சட்டைக்கு முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்போம். இங்கே பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி நீளும், நீராவியோடு இழுத்தால் கேட்கவே வேண்டாம். தைத்ததை விரிப்பதற்கு முன், மூடியிருக்கும்போதே தையலின் மேல் ஒரு தடவை அழுத்தினால் நூல் துணிக்குள் அமர்ந்துவிடும், பிறகு விரித்தால் மடிப்பு கூர்மையாக வரும். என் பழைய பிளாக்குகளை உற்றுப் பார்த்தால் தையலுக்குப் பக்கத்தில் நகக்கண் அளவு துணி சரியாக விரியாமல் மடிந்தே கிடந்தது. மூன்று பிளாக்கில் இஸ்திரியை மட்டும் திரும்பச் சரியாகப் போட்டதிலேயே பிளாக்குக்கு அரைக்கால் இன்ச் திரும்பக் கிடைத்தது. அதனால் பிரிப்பானை எடுப்பதற்கு முன் இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். நான் அந்த நான்கு பிளாக்கைப் பிரித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா.

அந்தக் குயில்ட் என்ன ஆனது என்றால், எல்லாவற்றையும் 11.5 இன்ச்சுக்குச் சதுரமாக வெட்டிவிட்டேன். ஒட்டுப் பிளாக்கின் பக்கத்தில் முழுத்துணி வருவதால் தையலோடு தையல் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை, ஓரச் சதுரங்கள் கொஞ்சம் ஒல்லியாக இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் தெரியும். 72க்கு 84 என்று ஆசைப்பட்டது 66க்கு 77 ஆக முடிந்தது. முழுத்துணிச் சதுரம் 21ஐயும் இரண்டு பக்கம் சேர்த்து ஒரு இன்ச் குறைத்ததில் ஒரு பை நிறையச் சுருள் சுருளாகப் பட்டை மிஞ்சியது, நல்ல துணி, மனசு கேட்காமல் இன்னும் தூக்கிப் போடவில்லை. கட்டிலில் விரித்தால் ஒரு பக்கம் தொங்கும், மறுபக்கம் மெத்தை எட்டிப் பார்க்கும். அம்மா அவள் பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

இப்போது இரண்டாவதில் இருக்கிறேன், நட்சத்திர வடிவம். முக்கோணத்தில் இன்னொரு உலகம் திறக்கிறது. ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணத்தை ஒட்டிச் சதுரமாக்க, முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் இன்ச், 7/8, சேர்த்து வெட்டச் சொல்லும் கணக்கு. நான் முழுசாக ஒரு இன்ச் சேர்த்து வெட்டி, தைத்து விரித்த பிறகு அளவுக்கு நறுக்கிவிடுகிறேன், சாய்வாக வெட்டிய விளிம்பு இஸ்திரியில் ஆடும், அதை நம்ப முடியாது. நட்சத்திரத்தின் முனை மழுங்காமல் இருக்க, முனைக்கு வெளியே கால் இன்ச் துணி மிச்சம் இருக்கிறதா என்று அடுத்த வரிசையைச் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும், பின்பக்கம் இரண்டு தையல் குறுக்கிடும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி தெரியும், புதுத் தையல் அதன் நடுவில் அல்லது ஒரு நூல் வெளியே போனால் முனை பிழைத்தது. தையல் சேரும் இடங்களில் ஒரு வரிசையின் ஓரத்தை இடப்பக்கமும் அடுத்த வரிசையினுடையதை வலப்பக்கமும் மடித்து அழுத்தியிருந்தால், இரண்டையும் விரலால் தள்ளும்போது மேட்டோடு மேடு முட்டிப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சின்ன முட்டல் விரலில் தெரியும்போது ஒரு சந்தோஷம் வரும், தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

ஆறு பிளாக் முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்த கையோடு அளந்து பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுகிறேன். ஐந்து பன்னிரண்டரை. ஆறாவது, நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பாபின் மாற்றிவிட்டுச் சோதிக்காமல் தைத்தது, பன்னிரண்டே காலே அரைக்கால். கடைசி இரண்டு தையல்தான், பிரிப்பானை எடுத்து வைத்திருக்கிறேன்.